ரோஸ் பொட்டு வைத்த ராணி

ராணியைக் காணவில்லை.

பல் டாக்டர் மொட்டை மாடியில் மண்டியிட்டு, தேனீப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு தேனடைச் சட்டமாக உருவி, மூக்கு உரசும் தூரத்தில் வைத்துப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் ஈக்கள் இருந்தன. தேடிய ஒருத்தி மட்டும் இல்லை. அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமே அல்ல, ஏனென்றால் அவள் முதுகில் அவரே ஒரு பொட்டு வைத்திருந்தார். பல் செட்டில் ஈறு செய்வதற்கு இருக்கிற ரோஸ் கலவை. கையில் வேறு பெயிண்ட் இல்லை. உலகத்திலேயே ஈறு நிறத்தில் பொட்டு வைத்த ராணித் தேனீ தன்னுடையது ஒன்றுதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"டாக்டர்!" படிக்கட்டிலிருந்து நர்ஸம்மாவின் குரல். "சேர்ல ஒருத்தர் உக்காந்து அரை மணி நேரமாச்சு!"

"வந்துட்டேம்மா!"

"அதையேதான் அரை மணி நேரமா சொல்றீங்க!"

கீழே கிளினிக், நடுவில் வீடு, மேலே தேனீ. டாக்டரின் உடம்பு பெரும்பாலும் கீழேயும் மனசு எப்போதும் மேலேயும் இருக்கும்.

முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் ஒரு பெட்டியை இரண்டாகப் பிரித்திருந்தார். கூட்டம் பெருகி இடம் போதாமல் போனால், தேனீக்கள் புது ராணிகளை வளர்க்கத் தனி அறைகள் கட்டும். அந்த அறைகள் மூடியதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிடும். அதற்குள் நாமே பாதியை எடுத்து வேறு பெட்டியில் வைத்துவிட்டால், ஒரு குடும்பம் இரண்டாகும். அவசரப்பட்டால் புது ராணியோடு சேர ஆண் ஈக்கள் தயாராக இருக்காது. அசந்தால் பழைய ராணியே இருக்காது. டாக்டர் ஆண் ஈக்களுக்காகக் காத்திருந்தார். வியாழக்கிழமையே பிரித்திருக்கலாம், ஆனால் வியாழக்கிழமை ஒரு கடைவாய்ப் பல் குறுக்கே வந்துவிட்டது.

ஞாயிறன்று அவர் சட்டங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது மனைவி துணி காயப்போட வந்தாள்.

"என்னங்க, நேத்து மத்தியானம் ஜன்னல் பக்கமா ஹெலிகாப்டர் மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. வெளிச்சமே ஒரு நிமிஷம் மங்கிப்போச்சு. நீங்க கீழ இருந்தீங்க."

"ஹெலிகாப்டரைப் பத்திப் பேசற நேரமா இது? தள்ளி நில்லு, கொட்டும்."

அவள் தள்ளி நின்றாள். இருபத்தைந்து வருஷமாக அதுதான் அவள் வேலை.

இத்தனை பாடும் அண்ணனுக்காக. டாக்டருக்கு உடன்பிறந்தவர் என்று உலகத்தில் அந்த ஒரே ஆள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஊர் எல்லையில் பழத்தோட்டம் வைத்திருப்பவர். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. தம்பி பல் டாக்டராக இருக்கும்போது, அண்ணன் எதிர்த்தெரு டாக்டரிடம் போய்ப் பல் செட் கட்டிக்கொண்டுவிட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் அது தெரியவந்தது. டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். "கழட்டு பார்க்கலாம்" என்று வாங்கி, உயர்த்திப் பிடித்து, "இதைப் பல்லுன்னு எவனாவது சொல்வானா?" என்று பந்திக்கே காட்டினார். அண்ணன் கையைக் கழுவிவிட்டு, பல் இல்லாமலே வீட்டுக்குப் போனார். செட்டைப் பிறகு ஆள் விட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது பழக்கடைக்காரர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். தோட்டத்தில் பூ பூக்கிறது, காய் பிடிப்பதில்லை. இந்த வருஷமும் காய்க்காவிட்டால் அண்ணன் தோட்டத்தை விற்றுவிட்டு, எங்கோ தூரத்தில் இருக்கும் சிநேகிதனோடு போய் இருந்துவிடப் போகிறார்.

காய் பிடிக்காததற்குக் காரணம் டாக்டருக்குத் தெரியும். அந்தப் பக்கம் தேனீயே கிடையாது. பூ உதிர்வதற்குள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் அண்ணன் வாசலில் வைத்துவிட வேண்டும். வெறுங்கையோடு போனால் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். பெட்டியோடு போனால் பெட்டியைப் பற்றிப் பேசினால் போதும்.

கிளினிக் நாற்காலியில் ஒருவர் ஓலைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். செருப்பில் காய்ந்த மண்.

"புதுசா வந்திருக்காரு," என்று நர்ஸம்மா கிசுகிசுத்தாள். "என்ன பிரச்சினைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. டாக்டர்கிட்ட மட்டும்தான் சொல்வாராம்."

"வாய் நாத்தமா இருக்கும். வெக்கப்படறாரு, பாவம்."

தொப்பிக்காரர் நிமிர்ந்தார். "டாக்டர், நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும், தெரியும். திறங்க."

"இல்ல, ஒரு விஷயம்..."

"பெரிசா. இன்னும் பெரிசா."

திறந்த வாய்க்குள் கண்ணாடி போய்விட்டது. அதன் பிறகு அந்த அறையில் கேள்வியும் டாக்டருடையது, பதிலும் டாக்டருடையது. கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. தேடினால் எல்லோர் வாயிலும் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

"தட்டினா வலிக்குதா?"

தொப்பிக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இங்க? இங்கயும் வலிக்கலையா? சுத்தமா?"

"ம்ஹூம்! ம்ஹூம்!" இரண்டு கைகளும் சேர்ந்து மறுத்தன.

டாக்டர் முகம் இருண்டது. "நரம்பே செத்துப்போயிருக்கு. ரூட் கெனால்தான்."

தொப்பிக்காரரின் கண்கள் விரிந்தன. ஊசி இறங்கியது.

மரத்துப்போகட்டும் என்று அவரை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் மாடிக்கு ஓடினார். ராணி எந்தப் பெட்டியில் என்று தெரிந்தே ஆக வேண்டும். ராணி இருக்கிற பெட்டியில் புது ராணி அறைகள் இருக்கக் கூடாது. இல்லாத பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டார். புதுப் பெட்டி அமைதியாக இருந்தது. பழைய பெட்டி ஹோவென்று இரைந்தது. இவ்வளவு ஆரவாரம் இருக்கிற இடத்தில்தான் ராணி இருப்பாள் என்று முடிவுகட்டி, பழைய பெட்டியில் இருந்த ராணி அறைகளை ஒன்றுவிடாமல் நசுக்கினார். கீழே வந்து தொப்பிக்காரரின் பல்லைக் குடைந்து, பஞ்சை வைத்து அடைத்து, "அடுத்த வாரம் வாங்க, பல்லு திறந்திருக்கு, வராம இருந்துடாதீங்க," என்று அனுப்பிவைத்தார்.

தொப்பிக்காரர் வாசலில் நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். பாதி வாய் மரத்திருந்ததால் அது எச்சிலாக வந்தது.

மறுநாளும் இரைச்சல் ஓயவில்லை. ராணி வளர்த்து விற்கும் ஒருவருக்கு டாக்டர் போன் செய்தார்.

"சத்தம் போடற பெட்டிலதானே சார் ராணி இருக்கும்?"

"ராணி இருந்தா அது எதுக்கு சார் சத்தம் போடுது?" என்றார் ராணிக்காரர். "தாயில்லாப் பிள்ளைங்க மாதிரி கத்தறது காதுல விழலையா? அதுல இருந்த அறையையெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?"

டாக்டர், அறைகளை நசுக்கிய தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தார். இல்லாமல் போனால் தேவலை என்று இருந்தது.

புதுப் பெட்டியில் இரண்டு ராணி அறைகள் மிச்சம் இருந்தன. ஒன்றை வெட்டிப் பழைய பெட்டியில் ஒட்டிவிட்டால் கதை சரியாகிவிடும். ராணிக்காரர் ஒரு வாரம் கழித்து, உள்ளே இருப்பது கொஞ்சம் முற்றிய பிறகு தொடச் சொன்னார். அந்த வாரம் முழுக்க டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். குறித்த நாளில் சவரக் கத்தி மாதிரி கூரான கத்தியால் அறையை வெட்டி, இடுக்கியில் பிடித்து, மூச்சைக்கூட விடாமல் நகர்ந்தார்.

"டாக்டர்!!" என்றாள் நர்ஸம்மா படிக்கட்டிலிருந்து. "அந்தத் தொப்பிக்காரர் வந்திருக்காரு!"

இடுக்கி நழுவியது. கீழே விழுந்ததைக் காப்பாற்றத்தான் டாக்டர் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் அதன் மேலேயே கால் வைத்தார்.

நாற்காலிக்கு வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. தொப்பிக்காரர் இந்த முறை முன்னேற்பாடாக, உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தார். "டாக்டர், உங்க அ..."

"அவசரப்படாதீங்க, வலிக்குதுன்னு தெரியுது," என்று டாக்டர் வாயைப் பிளந்து பஞ்சைத் திணித்தார்.

தொப்பிக்காரர் சும்மா இருக்கவில்லை. விரல்களைக் குவித்து விர்ரென்று பறப்பதுபோல் காட்டினார். பிறகு தன் முதுகைத் தொட்டுக் காட்டினார்.

"அப்படியா? விர்ருனு கிளம்பி முதுகு வரைக்கும் இழுக்குதா?" டாக்டருக்குக் கவலை வந்துவிட்டது. இன்னொரு ஊசி போட்டார்.

தொப்பிக்காரர் காற்றில் எழுதிக் காட்டினார்.

"மாத்திரைதானே? எழுதித் தர்றேன், எழுதித் தர்றேன்."

அடுத்தது, டாக்டருக்குத் தோன்றிய மிகச் சிறந்த யோசனை. இப்படிப்பட்ட யோசனைகள் தோன்றும்போது அவர் மனைவி பொதுவாகத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். இந்த முறை அவளுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த புழுவை ஊசியால் அள்ளி, மெழுகுக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால், தேனீக்கள் அதை ராணியாக வளர்க்கும். மெழுகும் ஊசியும் பூதக்கண்ணாடியும் பிரகாசமான விளக்கும் ஒரு பல் டாக்டரிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? சட்டத்தைக் கிளினிக்குக்கே கொண்டுவந்து, நோயாளி நாற்காலியில் சாய்த்து வைத்து, விளக்கைத் திருப்பினார். சட்டத்தோடு வந்த ஈக்களும் விளக்கைப் பார்த்தன.

வரவேற்பறை காலியாகச் சரியாக அரை நிமிஷம் ஆனது. பல்வலிக்காரர்கள் இவ்வளவு வேகமாக ஓடி நர்ஸம்மா பார்த்ததில்லை. எல்லோரும் போய்ச் சேர்ந்தது எதிர்த்தெரு டாக்டரிடம்; அண்ணனுக்குப் பல் கட்டியவனேதான்.

"கிளினிக்குக்குள்ள தேனீயா?" மனைவி வாசற்படியில் நின்று கேட்டாள். கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "அண்ணன்கிட்ட போய் 'தப்பு பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்றது உங்களுக்கு இதைவிடக் கஷ்டமா இருக்கா?"

டாக்டர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "ஆமா," என்றார்.

புழுக்களை வரிசையாக வைத்துப் பெட்டிக்குள் இறக்கினார். இரண்டு நாளில் திறந்தபோது மெழுகுக் கிண்ணங்கள் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தன.

"புழு பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்கக் கூடாது சார்," என்றார் ராணிக்காரர் போனில். "ராணி போய் இத்தனை நாளாச்சு. புது முட்டையே இல்லாதப்போ புதுப் புழு எங்கேருந்து வரும்? நீங்க வெச்சதெல்லாம் கிழடு."

"சரி, ஒரு ராணியை அனுப்பிவைங்க. விலை என்னவானாலும் சரி."

பஸ்ஸில், தீப்பெட்டி அளவு கூண்டில் ராணி வந்து இறங்கினாள். பழைய பெட்டி அதற்குள் பாதி காலி, வாசலில் எறும்பு வரிசை. ஆகவே ஆரோக்கியமாக இருந்த புதுப் பெட்டியில் அவளை விட்டார். அங்கே மிச்சமிருந்த ஒரே அறையிலிருந்து ஒரு இளம் ராணி ஏற்கெனவே வெளியே வந்து உலவிக்கொண்டிருந்தது டாக்டருக்குத் தெரியாது. தேனீக்களுக்குத் தெரியும். மறுநாள் வாசலில் விலைக்கு வந்த ராணி செத்துக் கிடந்தாள்.

அன்றைக்குத் தொப்பிக்காரரின் முறை. திறந்தபடி இருந்த பல் இரண்டாகப் பிளந்திருந்தது. டாக்டர் அதைப் பிடுங்கினார். தொப்பிக்காரர் ரத்தத்தோடு வாயைத் திறந்து "டா..." என்றார்.

"பஞ்சைக் கடிச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கவே கூடாது. திறந்தீங்க, உயிருக்கு உத்தரவாதம் இல்ல."

தொப்பிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். டாக்டரும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ராணி வெயிலில்தான் செத்திருப்பாள் என்று டாக்டருக்கு ஒரு எண்ணம். மத்தியானம், உச்சி வெயிலில், புதுப் பெட்டியைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டி நிழலில் மாட்டுப்பெண்ணைக் குடிவைப்பதுபோல் பவ்வியமாக வைத்தார். பிறகு ராணிக்காரருக்குப் போன் செய்து சொன்னார்.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சுச் சத்தம்.

"மிச்சமிருந்த அறையிலேருந்து ஒரு இளம் ராணி வந்திருப்பா சார். மத்தியானந்தான் அவ ஆண் ஈயைத் தேடி வெளிய போற நேரம். போனவ பழைய இடத்துக்குத்தான் திரும்பி வருவா. வந்து பார்த்தா வீடே இருக்காது."

டாக்டர் மாடி விளிம்புக்கு ஓடினார். பெட்டி இருந்த வெற்றிடத்துக்கு மேலே ஏதோ ஒன்று இரண்டு முறை வட்டமடித்ததுபோல் இருந்தது. அது ராணியா, கண்ணீரா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சார்," என்றார் ராணிக்காரர் மெதுவாக. "கோவிச்சுக்காதீங்க. நீங்க மீன் வளர்த்துப் பாருங்களேன்."

அடுத்த சில நாட்களில் இரண்டு பெட்டியும் ஓய்ந்தன. வயதான ஈக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, புதிதாகப் பிறக்க எதுவும் இல்லை. ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது சிலந்திதான் எட்டிப் பார்த்தது. பழக்கடைக்காரர், பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது என்றார். டாக்டர் காலிப் பெட்டிகளைக் குப்பை வண்டியில் போடச் சொல்லி வாசலில் அடுக்கிவிட்டுக் கிளினிக்குக்கு வந்தார். ஒரே ஒரு நோயாளிதான் இருந்தார். மடியில் தொப்பி, ஒரு கன்னம் இன்னும் வீங்கி.

"டாக்டர், இன்னிக்காவது..."

"பல்லு போன இடத்துல புதுசு வைக்கணும். அளவு எடுக்கறேன். என்னால முடிஞ்சது அதுதான்." ரோஸ் நிற மாவை அச்சில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினார். "இறுகற வரைக்கும் அசையாதீங்க."

மாவு இறுகக் காத்திருக்க வேண்டும். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மாடிக்கு ஓட அவருக்குக் காரணம் இல்லை. ஒரு மாதத்தில் முதல் முறையாக அவர் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். கேட்க ஆள் கிடைத்ததும் உடைந்துவிட்டார்.

"உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா? எனக்கு ஒரே அண்ணன். அவன் பல்லைப் பந்தில தூக்கிக் காட்டி நான் அவமானப்படுத்தினேன். எனக்குப் பொறாமைங்க. என்கிட்ட வராம போயிட்டானேன்னு. அதை நேரா சொல்லத் தெரியாம, ஒரு பெட்டி தேனீ கொண்டுபோய் அவன் வாசல்ல வெக்கலாம்னு பார்த்தேன். ஒரு மாசமா நான் பண்ணாத கூத்தில்ல. இருந்த ஒரு கூட்டத்தையும் கொன்னுட்டேன். பூவும் உதிர்ந்துபோச்சு. அவன் தோட்டத்தை வித்துட்டுப் போயிடுவான். இனி எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

"ஆ! ஆஆ!" தொப்பிக்காரர் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார்.

"நீங்களாவது என் கஷ்டத்தைப் புரிஞ்சுக்கறீங்களே," என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடமை நினைவுக்கு வந்து, அச்சைப் பிடித்து இழுத்தார். ப்ளக் என்று வெளியே வந்தது.

டாக்டர் கையில் வேறு கருவி எதுவும் இல்லை. தொப்பிக்காரர் அதைக் கவனித்தார். தொப்பியால் வாயை முன்னெச்சரிக்கையாக மறைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் கொட்டினார்.

"நான் உங்க அண்ணன் தோட்டத்துலதான் வேலை பாக்கறேன். ஒரு மாசத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு பெரிய தேனீக் கூட்டம் வந்து எங்க மரத்துல எறங்குச்சு. ராணி முதுகுல ரோஸ் பொட்டு. ஐயா தன் பல் செட்டைக் கழட்டி, பக்கத்துல வெச்சுப் பார்த்தாரு. 'இது ஈறுக்குப் போடற கலருய்யா, என் தம்பிதான் அனுப்பியிருக்கான், வாயால மன்னிப்புக் கேட்க வராதவன்'னு சொல்லி அழுதாரு. தோட்டத்தை விக்கலை. மரத்துக்கு மரம் பிஞ்சு பிடிச்சிருக்கு. உங்களை வரச் சொன்னாரு. 'நர்ஸ்கிட்டகூடச் சொல்லாத, அவன் காதுல மட்டும் சொல்லு'ன்னாரு. தினம் சாயங்காலம் கேட்டைப் பூட்டாம வெச்சுட்டு உக்காந்திருக்காரு. என் கன்னம் வீங்கினதைப் பார்த்துட்டு, 'ஏன்யா, அடிச்சு அனுப்பிட்டானா?'ன்னு கேட்டாரு. எனக்கு அதுக்கும் பதில் சொல்ல வாய் வரலை."

டாக்டர் கையிலிருந்த அச்சு கீழே விழுந்தது. மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு கேட், ஒரு மாதமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. அவர் மாடியில் இருந்திருக்கிறார்.

"அட மனுஷா! பல்வலியோட வந்த முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

தொப்பிக்காரர் பல் போன இடத்தை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இதைச் சொல்லத்தான் டாக்டர் முதல் நாளே வந்தேன். எனக்குப் பல்வலியே கிடையாது."